மூன்று சிலிண்டரில் ஓடிய வண்டி

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் எனக்கு வேலை, அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. அதற்குக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று பெயர். ஈரம் பட்டுக் கரண்ட் கசியும் காயில், பிசிறுள்ள ஷாஃப்ட், எதுவானாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். இருபது வருஷம் ஒட்டியதில், என்மேல் ஒட்ட மட்டும் இடமே இல்லை என்கிற நினைப்பு வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் போன வருஷம் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி, இன்ஜினை இறக்கி நானே பிரித்தேன். சிலிண்டர் போரிங், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் வால்வு வேலை, இந்த இரண்டை மட்டும் உக்கடத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் கொடுத்தேன். என் வயசுக்காரர், பல வருஷப் பழக்கம். மற்றதெல்லாம் என் கைவேலை என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முதல் பயணம் குடும்பத்தோடு பவானி கூடுதுறைக்கு என்றும் அறிவித்திருந்தேன்.

ஸ்டார்ட் செய்கிற நாளில் பூஜை. எங்கள் பக்கம் பொட்டு வைக்காமல் ஒரு மெஷினையும் ஓட விடமாட்டோம். பேட்டரிக்கு வைத்தேன், ஸ்பேனருக்கு வைத்தேன். தட்டில் நாலு புது ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன. மூன்றுக்கு அடியில் இருக்கும் இரும்பின்மேல் சின்னதாக வைத்தேன். முதல் சிலிண்டருடையது பிள்ளையாருக்கு என்பதால், அதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழ்வரை சந்தனத்தைக் குழைத்து இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

"ஏனுங்க, கரண்டு போற எடத்துலயுமா?" என்றாள் மனைவி.

"சாமி காரியத்துல குறுக்க பேசாதே அம்மணி" என்றேன்.

வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. கைதட்டல் அடங்குவதற்குள் நொண்ட ஆரம்பித்தது. ஸ்டியரிங் நடுங்கியது, புகைக்குழாய் விக்கியது. ஓடுகிற இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு, மூன்று, நாலு, எதைக் கழற்றினாலும் இன்ஜின் இன்னும் திணறியது. முதலாவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. ஆக, முதல் சிலிண்டர் வேலையே செய்யவில்லை. அதுவரை என் மூளை ஒழுங்காகத்தான் ஓடியது.

அப்புறம் கார்பரேட்டரைத் திருகினேன். பிளக் வயரை மாற்றினேன். வால்வு இடைவெளியை மூன்று தரம் அளந்தேன். பிளக்கை மட்டும் கழற்றவில்லை, புதுசல்லவா! வயரைக் கழற்றும்போதெல்லாம் குழிக்குள் அந்தப் பொட்டு தெரிந்தது. தெரிந்தபோதெல்லாம் எனக்குத் தெம்பாக இருந்தது. நான் செய்ததெல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது பாய் செய்ததுதான். வால்வு சரியாக உட்காரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

எழுதியதோடு நின்றேனா? பழைய கார் பிரியர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "உக்கடத்துப் பாய்கிட்ட ஹெட்டைக் குடுத்து என்ர இன்ஜினே பாழாப்போச்சுங்க. நீங்க யாரும் குடுத்துப்போடாதீங்க." சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டின சுகத்தோடு படுத்துத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். எவரோ அந்தக் குரலை அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க, நம்ம வேலையில தப்பிருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, திருத்திக் குடுத்தர்றேனுங்க. ஊருக்கெல்லாம் எதுக்குங்க சொல்லோணும்? வேலைக்குக் குடுத்திருந்த ரெண்டு பேரு பட்டறையில இருந்து அவங்க ஹெட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

நான் தலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வண்டியின் பானட்டைத் திறந்தேன். அவர் பிளக்குகளைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த மீட்டரை வைத்து நாலு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். நாலும் ஒரே அளவு. வால்வில் கசிவே இல்லை. பிறகு முதல் பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்தார். சந்தனத்தின் ஊடாக மேலிருந்து இரும்பு வரை தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக்கோடு. கரண்ட் உள்ளே போய்ப் பொறி விடாமல், நான் போட்டுக் கொடுத்த ஈரச் சந்தனப் பாதையிலேயே வெளியே ஓடி, அதைச் சுட்டுக் கரியாக்கியிருந்தது. தினமும் காயிலில் கரண்ட் கசிவு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

பாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து ஒரு பழைய பிளக்கை எடுத்து மாட்டினார். வண்டி ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது. மனைவி டீ கொண்டு வந்தாள். "இன்னொரு நாளைக்குக் குடிக்கறேனுங்க" என்று கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் டீ வேண்டாமென்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பழைய மெசேஜை அழிக்கிற கெடு தாண்டிவிட்டிருந்தது. புதுசாகப் பேசி அனுப்ப உட்கார்ந்தேன். 'சிறு தொழில்நுட்பக் குழப்பம்' என்று ஆரம்பித்து அழித்தேன். 'பூஜையின்போது தவறுதலாக' என்று ஆரம்பித்து அதையும் அழித்தேன். நாலாவது தடவை மனைவி அடுப்படியிலிருந்து, "மொத வாய்ஸை ஒரே மூச்சுல பேசினீங்களே" என்றாள்.

ஐந்தாவது தடவை ஒரே மூச்சில் பேசினேன். தப்பு என்னுடையது, பாய் வேலை சுத்தம், இதோ அத்தாட்சி என்று பொட்டு வைத்த பிளக்கின் படத்தையும் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. ஹெட்டைத் திருப்பி எடுத்துப்போன இரண்டு பேரின் பதில் மட்டும் வரவில்லை.

விசாரித்து இருவர் வீட்டுக்கும் போனேன். ஒருவர் சூலூர், இன்னொருவர் அன்னூர். வாசலில் நின்று முழுக் கதையையும் சொல்லி, ஓடுகிற இன்ஜினைக் காட்டி, இரண்டு ஹெட்டையும் வாங்கி, கூடுதுறைக்கென்று புது உறை போட்டிருந்த பின்சீட்டில் ஏற்றினேன். கிரீஸ் அப்பிக்கொண்டது. அதுதான் அந்த வண்டியின் முதல் பயணம்.

உக்கடம் பட்டறையில் இரண்டையும் இறக்கி வைத்தேன். பாய் ஒவ்வொன்றாகத் துடைத்து மேடையில் வைத்தார். பிறகு எதிர் டீக்கடையைப் பார்த்துக் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.