நாலு வீடு முந்தி நின்ற கான்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கித் தண்டவாளத்தடியில் முடியும். நாங்கள் வாடகைக்கு இருந்தது கடைசி வீட்டின் கீழ்த்தளத்தில். யுத்த காலம் அது. கணவர் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடைக்கு வேலைக்குப் போய்வந்தார். நான் முன் அறையில் மெசின் போட்டு பிளவுஸ் தைத்தேன்.

ஒரு வருடம் மாநகரசபை எங்கள் ஒழுங்கையில் மழைத்தண்ணீர் ஓடும் கானைக் கொங்கிரீட்டில் புதிதாகக் கட்டியது. வேலை முடிந்ததும் ஒழுங்கை முகப்பில் பலகை நட்டார்கள். காலி வீதியிலிருந்து தண்டவாளம் வரை, பொதுமக்கள் பணத்தில், இவ்வளவு செலவில் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. கானோ எங்களுக்கு நாலு வீடு முந்தியே நின்றுவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் எல்லோர் வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும். இப்போது புதுக் கான் அத்தனையையும் சேர்த்துக்கொண்டு வந்து எங்கள் முன் அறைக்குள் விட்டது. மெசினைச் செங்கல்லில் ஏற்றினேன். பிறகு கதிரையையும் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு நாள் யாரோ தைக்கத் தந்த கல்யாணத் துணி சேற்றில் ஊறிப்போய், அதற்குப் பதில் துணி வாங்கிக் கொடுத்தேன். இன்னொரு மாரி இப்படிப் போனால் தையலை விடவேண்டியதுதான் என்று தெரிந்தது.

மேல்மாடியில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். பலகையில் உள்ள காசு எங்கே போனது என்று கேட்டு அவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். கையெழுத்து வைக்கத்தான் ஆளில்லை. பொலிஸுக்குப் பெயர் விபரம் கொடுத்துக் கொடுத்தே அலுத்திருந்த எங்கள் தமிழ்ச் சனம், இன்னொரு அரசாங்கக் கந்தோருக்கும் வலியப் போய்ப் பெயர் கொடுக்குமா? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பெயர் வேண்டாம், வீட்டு இலக்கத்தை மட்டும் எழுதுவோம் என்றார். பதினொரு இலக்கத்தோடு கடிதம் போனது.

ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணியிருக்கும், ஒழுங்கைக்குள் ஜீப் ஒன்று வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கோப்பும் கையுமாக இறங்கி, சிங்களத்தில் வீட்டு இலக்கங்களை உரத்து வாசிக்கத் தொடங்கினார். ஜீப், பட்டியல், இலக்கம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான், பொலிஸ் சோதனை. பதினொரு வீட்டுக்காரரும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் எடுத்துக்கொண்டு வந்து மதிலோரமாக வரிசையில் நின்றோம். அவர் எங்களைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். ஏன் கொழும்பில் இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கும் முன்பே எதிர்வீட்டு அக்கா தாங்கள் கனடா விசாவுக்குத்தான் நிற்பதாகவும் அடுத்த மாதம் போய்விடுவதாகவும் ஒப்புவித்தார்.

தான் மாநகரசபையிலிருந்து வந்திருப்பதாக வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன பிறகும் நாங்கள் அடையாள அட்டையை நீட்டியபடியே நின்றோம். கடிதம் எழுதியது யார் என்றார். தபாலதிபர்கூட நிலத்தைப் பார்த்தார். அப்படியென்றால் முறைப்பாடு ஒன்றும் இல்லைத்தானே என்று சொல்லி அவர் பேனையைத் திறந்தார்.

கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்காமல் வருகிறவள் நான். ஆனால் அந்தப் பேனை கோப்பில் பட்டால் என் மெசின் செங்கல்லிலேயே நிற்கும். நூலும் பொத்தானும் வாங்கப் பழகிய சிங்களத்தில் கேட்டேன்.

"மாத்தயா, பலகையில ரயில் ரோட் வரைக்கும் எண்டு கிடக்கு. கான் அங்கால நிண்டிட்டுது. மிச்சத்துக்கு எடுத்த காசு எங்க?"

அவர் கோபிக்கவில்லை. என்னோடு நடந்து வந்து, கான் முடிந்த இடத்தில் நின்று கோப்பைப் புரட்டினார். கோப்பில் முழு நீளமும் முடிந்ததாக இருந்ததாம். அளப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. நான் உள்ளே ஓடிப்போய் அளவெடுக்கும் டேப்பைக் கொண்டுவந்தேன். அறுபது அங்குல டேப். ஒரு நுனி என் கையில், மறுநுனி தபாலதிபர் கையில். குனிந்து குனிந்து தண்டவாளம் வரை அளந்தோம். இருபத்துமூன்று தரம்.

பாதி வழியிலேயே வரிசை கலைந்துவிட்டது. ஒருவர் எண்ண, ஒருவர் திருத்த, மற்றவர்கள் தெரிந்த மொழியில் எல்லாம் முறையிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா, ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறோம், வாடகையோடு வரிக்காசும் கொடுக்கிறோம் என்று அவரை மறித்து நியாயம் கேட்டார்.

"நீங்கள் அடுத்த மாதம் கனடா போறதெண்டு சொன்னீங்கள்?" என்று தபாலதிபர் இடக்காகக் கேட்டார்.

"கான் முடியட்டும், போறம்."

ஜீப்பில் வந்தவருக்குத் தமிழ் விளங்கியிருக்காது. ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். போகும்போது என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

மாரிக்கு முதல் மிச்சக் கானையும் வெட்டி முடித்தார்கள். என் பெயருக்கு ஒரு கடிதமும் வந்தது, வேலை பூர்த்தியானது என்று. முதல் தரம் எடுத்த காசைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தபாலதிபர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டு கீழே வந்தார். அன்று நல்ல மழை. வாசலுக்கு வெளியே கான் சலசலவென்று கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செங்கல்களை எடுத்துவிட்டு, கனநாளைக்குப் பிறகு கால் நிலத்தில் பட இருந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

"இலக்கம் போடுறீரோ பிள்ளை?" என்றார்.

நான் பேனையை வாங்கி, என் பெயரை முழுதாக எழுதினேன்.