கோட்டையை மறைத்த ஆதார்

இன்று காலை, செஞ்சி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடை. போன வாரம் அங்கே பிரிண்ட் எடுத்த என் ஆதார் இன்னும் கம்ப்யூட்டர் திரையில் கிடக்கிறது!

என்னுடையது மட்டுமல்ல. திரையில் கடைக்காரர் வைத்திருக்கும் ராஜகிரிக் கோட்டைப் படமே தெரியாத அளவுக்கு ஊரார் ஆதார். ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் அதன் பாஸ்வேர்டு வேறு.

"இன்னாங்க இது?" என்று கத்தினேன்.

"ஜனங்க பாஸ்வேர்ட மறந்துடுறாங்க மேடம். மறுபடி வந்தா ஈசியா இருக்குது."

மவுசைப் பிடுங்கி என் ஃபைலை அழித்தேன்.

அவர் என்னைத் தேற்றுகிறார்: "டென்ஷன் ஆவாதீங்க. ரீசைக்கிள் பின்ல இருக்கும், எடுத்துத் தரேன்."

அதையும் காலி செய்துவிட்டுத்தான் வந்தேன்.

கோட்டையைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். நம் ஆதாரைப் பார்க்க அதுகூட வேண்டாம். உங்களுடையது எந்தக் கடையில் கிடக்கிறது?