மலைப்பாம்புக்கு மார்கழிச் சளி

தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது என்னிடம் விட்டுவிட்டுப் போனது ஒரு பாம்பை. ஆப்பிரிக்க மலைப்பாம்பில் சின்ன வகை. விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், அவ்வளவுதான். அரசாங்கத்தில் முறைப்படி பதிவு செய்து வளர்த்தான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அது வந்தபோது, அனுமதி வாங்க வேண்டியிருந்தது என் கணவரிடம் மட்டும்.

முதல் மாதம் அவர் கூடத்தில் அது இருந்த மூலைக்கே போகவில்லை. பிறகு, பெருமாளே பாம்பின் மேல்தானே படுத்திருக்கிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கண்ணாடித் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். என் காபி ஆறிப்போனால் கண்டுகொள்ளாத மனிதர், பாம்புக்கு வேண்டிய சூடு தொட்டியில் சரியாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மார்கழி நடுவில் அதற்கு உடம்புக்கு வந்துவிட்டது. மூக்கில் நுரை கட்டியது. தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பக்கத்தில் போனால் கர்கர் என்று சத்தம். இரை எடுக்கவே இல்லை. மாட்டு வைத்தியரும் நாய் வைத்தியரும் பாம்பு என்றதும் நாசூக்காகப் போனை வைத்தார்கள். தில்லைநகரில் ஒரு டாக்டர் மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டிலும் வைத்துக் கிளம்பினோம். ஏகாதசிக் கூட்டம். வீதிகளுக்குள் ஆட்டோ விடவில்லை. ஊரே பெருமாளைப் பார்க்க உள்ளே போக, நாங்கள் இருவர் மட்டும் டப்பாவை அணைத்துக்கொண்டு எதிர்த்திசையில் முட்டி மோதி வெளியே வந்தோம். ஒருவழியாக ஆட்டோ கிடைத்தது. காவிரிப் பாலம் தாண்டுகையில் டிரைவர் டப்பாவில் என்ன என்று கேட்டார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் என் கணவர் "பாம்பு" என்றார். பொய் சொல்ல வராது அவருக்கு. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கித் தள்ளி நின்றுகொண்டார். காசே வேண்டாம், இறங்கினால் போதும் என்றார். அடுத்த ஆட்டோவில் ஏறும் முன், வாயைத் திறந்தால் உங்களையும் டப்பாவில் போட்டு மூடிவிடுவேன் என்று இவரிடம் சொல்லிவைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நாய்கள் குரைக்கக் குரைக்க, டப்பாவுக்குள் அது சுருண்டுகொண்டே போனது. துப்பட்டாவால் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கு மூச்சு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது.

டாக்டர் மெல்லிய குச்சியால் அதன் வாயைத் திறந்து பார்த்தார். நுரையீரலில் சளி கட்டியிருப்பதாகச் சொன்னார். தொட்டியின் சூடு, தண்ணீர் எல்லாம் விசாரித்துவிட்டு, வீட்டில் புகை ஏதாவது உண்டா என்றார். யாரும் சிகரெட் பிடிப்பதில்லை என்றேன். என் கணவர் தரையைப் பார்த்தார்.

"தூபம் காட்டறேன், டாக்டர். மார்கழியாச்சே, தினமும்."

"பூஜை ரூம்லதானே?"

"அதுக்கும் காட்டுவேன். உள்ள நன்னா போகட்டும்னு தொட்டி மூடியைத் திறந்து காட்டுவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "நம்மள மாதிரி இருமித் துப்ப அதால முடியாதுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

தொட்டிப் பக்கம் சாம்பிராணி வாசனை வந்ததை, வீடு முழுக்க வருகிறதே என்று நானும் விட்டிருக்கிறேன். இருந்தாலும் வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் திரும்பும்போது டப்பாவை அவரே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை பாம்பைத் தொட்டதுகூட இல்லை. சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எனக்கு மறந்துபோனது.

தூபக்காலைப் பரணில் போட்டார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. நாய்கள் குறைவாக வரும் மத்தியான நேரமாகப் பார்த்துப் போனோம். ஊசி போடும்போது பாம்பைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அவர் எனக்கு விட்டுத்தரவில்லை. நுரை நின்றது, சத்தம் அடங்கியது. ஆனால் தானாக இரை எடுத்தால்தான் பிழைத்தது என்று அர்த்தம், அதுவரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

இரை என்றால் எலி. உறைய வைத்த எலிகள் பின்பக்க பால்கனியில் தனிக் குட்டி ஃபிரிட்ஜில் இருந்தன. வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர் இவர். அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். நான் எலியை வெந்நீரில் போட்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தேன். பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எடுத்துப் போட்டுவிட்டு அழுதேன்.

மூன்றாவது தடவை இடுக்கியில் பிடித்து நீட்டினேன். வெகுநேரம் அசைவே இல்லை. கை வலித்தது. பிறகு நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. சடாரென்று கவ்வியது. சுற்றி இறுக்கி, நிதானமாகத் தலைப்பக்கத்திலிருந்து விழுங்கத் தொடங்கியது. தொண்டையில் அந்தப் புடைப்பு மெல்ல உள்ளே இறங்குவதை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருவுக்குப் போயிருப்பார் என்று நினைத்த மனிதரின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

"ஒண்ணு போறுமா அதுக்கு? இன்னொண்ணு எடுத்துண்டு வரட்டுமா?"