செட்டுக்கார மாப்பிள்ளை

ராஜபாளையத்தில் ‘செட்’ என்ற இங்கிலீஷ் வார்த்தை நுழையாத வீடு கிடையாது. தோட்டத்தில் பம்பு செட், ஊர்வலத்துக்கு பேண்டு செட், தீபாவளிக்கு ஒரு செட் துணி. கூடப் படித்தவர்கள் என்றால் ‘எங்க செட்டு’. சோலைராஜ் எங்கள் செட்டு.

இங்கிலீஷ் டீச்சர் கிருபாபாய் ஒருநாள் அந்த வார்த்தையை விளக்கினார். உட்கார வைப்பது என்ற பொருளுள்ள பழைய இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது ஒன்று. கூட்டத்தைக் குறிப்பது லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள், பேர் மட்டும் ஒன்று என்றார்.

“அப்போ மைக் செட்டு எந்த வீட்டுப் பிள்ள டீச்சர்?” என்று கேட்டான் சோலைராஜ்.

“அது உன் வீட்டுப் பிள்ளலே.”

டீச்சர் வாய்முகூர்த்தம் பலித்தது. மைதீன் பிச்சையைக் கூட்டுச் சேர்த்து மைக் செட் போட்டான். சேத்தூரில் கோயில் கொடையோ, செட்டியார்பட்டியில் சடங்கோ, கடைசி வீடுவரை சத்தம் போய்ச் சேர்ந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கிறுக்குப் பயல்.

எண்பத்தெட்டாம் வருஷம் அவனுக்குக் கல்யாணம். பெண் ஸ்ரீவில்லிபுத்தூர் இசக்கியம்மாள். வேறொருவன் செட்டில் தாலி கட்டமாட்டேன் என்று தன் செட்டையே கொண்டுபோய்ப் பெண்வீட்டுப் பந்தலில் கட்டினான். விடிந்ததும் பார்த்தால் வேப்பமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிடந்தது. பட்டுவேட்டியை மடித்துக் கட்டினான், கழுத்து மாலையை மைதீன் பிச்சைக்குப் போட்டான், மரத்தில் ஏறிவிட்டான்.

முகூர்த்தம் முடியப்போகிறது. நாங்கள் கீழே நின்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறோம். குழாயில் அலறும் நாதஸ்வரம் காதை அடைக்க, அவனுக்கு எங்கே கேட்கும்? மாமனார் முகம் கறுத்துவிட்டது. “நேரம் தப்பிட்டா இந்தச் சம்பந்தமே வேண்டாம்” என்றார்.

மணவறையிலிருந்து இசக்கியம்மாள் எழுந்தாள். நாதஸ்வரக்காரர் முன்னால் இருந்த மைக்கை எடுத்தாள். அதுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசியறியாதவள்.

“ஏங்க, சத்தம் நல்லாத்தான் கேக்கு. தாலியக் கட்டிட்டுப் பொறவு ஏறுங்க.”

தெருவே சிரித்தது. மாமனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சோலைராஜ் சறுக்கி இறங்கியதில் வேட்டி கிழிந்தது, முகூர்த்தம் பிழைத்தது. மூன்றாம் முடிச்சைப் போட்டுவிட்டு, பயல் அவள் காதோரம் குனிந்தான்.

“தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்குமா?”

“ஒங்களுக்குக் கேட்டுச்சுல்லா. அது போதும்.”