கேட்காமல் கொடுத்த ஞானஸ்நானம்

என் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது என் அம்மா. கொடுத்த இடம் கோயில் அல்ல, மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. தண்ணீர், வாசல் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர். அப்பாவுக்கு அப்போது நினைவில்லை. நினைவு இருந்திருந்தால் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பார் என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாகக் கிடப்பவருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கர்களிடம் உள்ள வழக்கம். சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னால் போதும். ஞானோபதேச வகுப்பில் சின்ன வயதிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நானெல்லாம் பொம்மைக்கு ஊற்றிப் பழகினவள். வளர்ந்த மனிதர் என்றால் அவரே அதை விரும்பியிருக்க வேண்டும் என்பதை மட்டும் எங்கள் வகுப்பில் யாரும் அழுத்திச் சொன்னதாக நினைவில்லை.

அப்பா விரும்பவே இல்லை. அவர் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் பிறந்தவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்த அம்மாவைப் பார்த்து, ஆயரின் அனுமதி வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டார். பிறக்கும் பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளையாக வளர்வதற்குத் தடை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். கடைசிவரை ஒரு தடையும் சொல்லவில்லை. தான் மட்டும் மாறவில்லை. "நம்பாம தலையை நீட்டினா அது உங்க சாமிக்குத்தான் மரியாதைக் குறைவு" என்பார். ஸ்ரீரங்கத்துச் சாமியையும் அவர் நம்பவில்லை. அதனால் இரண்டு வீட்டாருக்கும் அவர்மேல் சமமான மனக்குறை இருந்தது.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அம்மாவைத் தனியாகக் கோயிலுக்கு அனுப்பியதில்லை. ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே வேப்ப மரத்தடியில் பேப்பரோடு நிற்பார். சும்மாவும் நிற்க மாட்டார். தாறுமாறாக நிறுத்திய வண்டிகளை வரிசைப்படுத்துவார். படியேற முடியாதவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் வாசலில் விடுவார். வாசலைத் தாண்ட மாட்டார். பிரசங்கம் நீண்டால் உள்ளே எங்களுக்குத்தான் கொட்டாவி வரும். அவர் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பழைய பங்குச் சாமியார் ஒருவர் அம்மாவிடம், "இவர் ஒருத்தர் உள்ள வந்தா, உள்ள இருக்கற பாதிப் பேரை நான் வெளிய அனுப்பிடுவேன்" என்று சொல்வார். அம்மா அங்கே சிரிப்பாள், வீட்டுக்கு வந்து அழுவாள்.

அவளுடைய பயமெல்லாம் ஒன்றுதான். "நீயும் நானும் மோட்சத்துல இருப்போம். உங்கப்பா எங்க இருப்பாரு?" என்று என்னிடம் கேட்பாள். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டே ஒரு குழந்தையிடம் கேட்கிற கேள்வியா இது? அப்போது தொண்டையில் அடைத்த சோறு எனக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அப்பா ஓய்வுபெற்று, நானும் கல்யாணமாகித் திருவெறும்பூருக்குப் போன பிறகு அவருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவர் பிடிகொடுக்காமல் பேசினார். உள்ளே ஒவ்வொருவராகத்தான் போகலாம் என்றார்கள். முதலில் அம்மா போனாள். அடுத்து ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா போனார். அப்பாவின் அண்ணன். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறாதவர், கையில் ஒரு சின்னச் சொம்போடு வந்திருந்தார். கடைசியாக நான் போனபோது அப்பாவின் தலையணை நனைந்திருந்தது. உதட்டோரம் ஒரு துளசி இலை ஒட்டியிருந்தது. நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "யாருங்க தண்ணி ஊத்தினது? இத்தனை ட்யூப் போட்டிருக்கோம், கொஞ்சமாவது அறிவு வேணாமா?"

வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஞானஸ்நானம் குடுத்துட்டேன். இனிமே எது நடந்தாலும் பயமில்ல."

"அப்பாவைக் கேட்டியா?"

"கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டேன். அழுத்தினாரு."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியப்பா காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "கவலைப்படாதேம்மா" என்றார் அம்மாவிடம், அத்தனை வருஷத்தில் முதல் முறையாக. "நானும் பெருமாள் தீர்த்தம் கொடுத்துட்டேன். எங்க சம்பிரதாயத்துல சொல்றதுண்டு. பூனைக்குட்டி ஒண்ணுமே பண்ண வேண்டாம். தாய்ப்பூனை தானா வந்து வாயில கவ்விண்டு போயிடும். ஜீவன் சும்மா கெடந்தாப் போறும், பகவான் பாத்துப்பன்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கள்லயும் அப்படித்தாங்க. எல்லாம் அவர் இஷ்டப்பிரசாதம், அவரா குடுக்கற கிருபை. நம்மளால ஆகறது ஒண்ணுமில்ல" என்றாள்.

இரண்டு மதங்களும் அந்த வராந்தாவில் கைகுலுக்கிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று: அப்பாவைக் கேட்க வேண்டியதில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, எழுந்து உட்காரத் தொடங்கியதும் அம்மாவே விஷயத்தை உடைத்தாள். நானும் இருந்தேன். பரிசு கொடுப்பவள் மாதிரி சொன்னாள். அப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"துடைச்சா போயிடுமா?"

"போகாது. ஆத்துமத்துல போட்ட முத்திரை. யாராலயும் அழிக்க முடியாது" என்றாள் அம்மா. பெருமையாகத்தான் சொன்னாள்.

"நான் கையை அழுத்தினேனா?"

"அழுத்தினீங்க."

"இருக்கும். வலியில பக்கத்துல எது கெடைச்சாலும் அழுத்தியிருப்பேன். கட்டில் கம்பியைக் குடுத்திருந்தா அதையும் அழுத்தியிருப்பேன்."

அண்ணன் ஊற்றியதைப் பற்றியும் சொன்னோம். அதற்கு அவர் கோபப்படவில்லை. "அவன் ஊத்தினது தொண்டையோட போச்சு. நாளைக்கு வந்து, நீ ஏன் கோயிலுக்கு வரலேன்னு கேக்க மாட்டான்" என்றார். அதில் ஒரு குத்தல் இருந்தது. அம்மாவுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது சில வாரம் கழித்து. மருத்துவர் வெளியே போகலாம் என்று சொன்ன முதல் ஞாயிறு, அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா பேப்பரை இறக்கவில்லை.

"கெளம்பலியா?"

"இல்ல."

"வண்டி ஓட்ட வேணாம். ஆட்டோ சொல்லியிருக்கேன். இன்னிக்கு நீங்க உள்ளயே வரலாம்."

"இத்தனை வருஷமா வந்து நின்னேனே, யார் சொல்லி வந்தேன்? நானா வந்தேன். வராம இருந்தாலும் என்னை ஒருத்தரும் கேட்டிருக்க முடியாது. இப்ப வரலேன்னா பாவம்னு ஆக்கி வெச்சிருக்க. அந்தக் கணக்குக்குப் பயந்துக்கிட்டு நான் வர மாட்டேன். நீ போயிட்டு வா."

அம்மா தனியாக ஆட்டோவில் போனாள். வழியில்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் வாங்காதவனுக்கு ஞாயிறு பூசை கடமையல்ல. வாங்கியவன் வேண்டுமென்றே வராவிட்டால் அது சாவான பாவம். அதோடு செத்தால் நரகம். அம்மா படித்த பாடம் அது, அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடமும் அதுதான். நல்லவராக வெளியே நின்ற மனிதரை உள்ளே இழுத்துப் போட்டுப் பாவியாக்கியது அவள் கைதான். நான் இதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வீடு சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அம்மா வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தாள். முட்டிபோட்டு ஜெபமாலை சொல்லிச் சொல்லி முழங்கால் கறுத்துப்போயிற்று. அவர் செய்ய வேண்டியதை இவள் சேர்த்துச் செய்தால் ஈடாகிவிடும் என்று நினைத்தாள் போல. தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று அந்த வராந்தாவில் சொன்னவளும் இவள்தான்.

தாங்க முடியாமல் ஒருநாள் நானே அவளைப் புதுப் பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. பொறுமையாகக் கேட்டார். "அம்மா, பெரியவங்களுக்கு அவங்க விருப்பம் இல்லாம குடுத்தா அது செல்லாது. ஊத்தினது வெறும் தண்ணிதான். அவர் எப்பவும் போல நல்ல மனுஷன். ஆண்டவர் பாத்துக்குவாரு, நீங்க நிம்மதியா இருங்க" என்றார்.

நான் மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். வெளியே வந்ததும் அம்மா, "சின்னப் பையன். இவருக்கு என்ன தெரியும்" என்றாள்.

"செல்லாதுன்னா அப்பாவுக்குப் பாவமும் இல்லதானே? விட்டுத் தொலையேன்."

"செல்லாதுன்னா பொறக்கும்போதே ஒட்டிக்கிட்டு வந்த ஜென்மப் பாவம் கழுவாம அப்படியே இருக்குமேடி."

எந்தப் பக்கம் திரும்பினாலும் நரகம். இப்படி ஒரு கூண்டைத் தானே கட்டி, அதற்குள் புருஷனையும் வைத்துப் பூட்டிக்கொண்டு, சாவி கடவுளிடம் இருக்கிறது என்பவளிடம் என்ன பேசுவது? எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. இரக்கம் வரவில்லை.

இன்னொரு ஞாயிறு, நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா பூசை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கே போயிருந்தா நேரா மோட்சம். தண்ணி காயறதுக்குள்ள போயிருப்பாரு, ஒரு பாவமும் இல்லாம. ஆண்டவர் எதுக்குத்தான் பிழைக்க வெச்சாரோ."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் நிமிர்ந்தபோது அப்பா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். கையில் டம்ளர். தண்ணீர் எடுக்க வந்திருக்கிறார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். டம்ளரை மேடைமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அம்மா அவரைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவோடு கோயிலுக்குப் போனார். உள்ளே போனார். அம்மாவோடு வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற அன்பியத்துப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே முறைப்படி ஞானஸ்நானம். சாமியார் அவரைத் தனியாக அழைத்து, முழு மனதோடுதான் கேட்கிறீர்களா என்று விசாரித்திருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறார் அப்பா, வாழ்நாளில் பொய் சொல்லி நான் கேட்டிராத மனிதர்.

ஞானஸ்நானத்தன்று காலையில் அவரை முடிவெட்டக் கூட்டிப்போனது நான். கடையில் காத்திருந்தபோது கேட்டேன்.

"நம்பிக்கை வந்துடுச்சாப்பா?"

"இல்லம்மா. பயம் வந்துடுச்சு."

"நரகத்துக்கா?"

"உங்கம்மாவுக்கு." சிரிக்க முயன்றார், முடியவில்லை. "நான் உயிரோட இருக்கறதைப் பாத்து ஒருத்தி அழறா. அவ கையாலதான் தினம் சோறு வாங்கித் திங்கணும். என்னால முடியலம்மா."

வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒன்றைத்தான் அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். அதையும் பிடுங்கியாயிற்று. பிடுங்கினவளுக்கு அது தெரியவே தெரியாது. இது கிருபை என்றால் எனக்கு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். நான் இப்போது எந்தக் கோயிலுக்கும் போவதில்லை.

ஓராண்டுக்குப் பிறகு அப்பா இறந்தார். கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பெரியப்பா வரவில்லை, வீட்டிலேயே தலைமுழுகினாராம். இயேசு சொன்ன கதையில் வருவதுபோல, கடைசி மணி நேரத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து முழுக் கூலி பெற்றவர் என்று பிரசங்கத்தில் அப்பாவைச் சொன்னார்கள். கடைசி மணி நேரமாம்! விடிந்ததிலிருந்து அந்தத் தோட்டத்து வாசலில் வேலை செய்தவர் அவர். எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது.

இப்போது அம்மா என்னோடு திருவெறும்பூரில் இருக்கிறாள். போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்.

"பூசையில எல்லாரும் கடவுளை நம்பறேன்னு விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உங்கப்பா வாயைத் தொறக்கவே மாட்டாரு. நான் பாத்திருக்கேன். உன்கிட்டதான் எல்லாம் சொல்வாரே. கடைசியில அவரு நம்பினாருல்ல?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக் கோபம், ஒரு சொல்லில் தீர்த்துவிடலாம்.

"அதை அவர்கிட்டயே கேளு. எப்படியும் அங்க போய்ப் பாக்கத்தானே போற?" என்றேன். சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "பாப்பேன்ல? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம்ல?" என்றாள்.

அங்கேயும் அவளோடு இருக்க அப்பாவுக்கு விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவளுக்கு இப்போதும் தோன்றவில்லை.