தலை தூக்கிய வாத்து

தாஸ் அண்ணன் இறந்த செய்தி நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே, தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்ற கேள்வி. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கும்பிட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்பத்தூரில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் அச்சுகளுக்கான மர மாதிரிகளைச் செதுக்கியவர் அவர். ஆலை மூடியதும் நம் வாசலுக்குக் காவலாளியாக வந்தார். போன வருடம் நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவரிடம், "தாஸு, எதிர்ல இருக்கற ஏரிக்குப் பறவை வந்தா பால்கனியில உக்காந்து பாக்கலாம். ஏதாச்சும் பண்ணேன்" என்றார். கல்யாண முருங்கைக் கட்டை வாங்கிவந்து அண்ணன் மர வாத்து செதுக்க உட்கார்ந்தார். அதைப் பார்த்து நம்பி உயிருள்ள வாத்துகள் இறங்கும். அவருடைய அப்பா அப்படித்தான் வாத்து பிடித்து விற்றாராம்.

தலை நிமிர்ந்திருந்தால் அழகாக இருக்குமே என்றேன். சிரித்தார்.

"தலயத் தூக்கினு கீற வாத்து பயந்துகினு கீது நைனா. மேல போறது அத்தப் பாத்துட்டு அப்டியே போய்டும். கழுத்த உள்ள இழுத்துக்கினு மெதந்தாத்தான் நம்பி எறங்கும்."

அப்படிப் பன்னிரண்டு செய்தார். நைலான் கயிற்றில் செங்கல் கட்டி மிதக்கவிட்டார். மூன்றாம் வாரம் புள்ளிமூக்கு வாத்துகள் இறங்கின. நாம் படம் எடுத்தோம்.

கோடையில் அவை செத்து மிதந்தன. செயலாளர் வெயில் என்றார். அண்ணனுக்குச் சந்தேகம். ஒரு விடியலில், நம் கழிவுநீரை ஏற்றிப்போகும் லாரியின் பின்னால் சைக்கிளில் போனார். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டிய அது திருவேற்காட்டைக்கூடத் தாண்டவில்லை. ஏரியின் பின்கரையில் குழாயை இறக்கியது. மலிவான லாரி என்று நாம் ஒப்புக்கொண்டது அது. எங்கே கொட்டுவார்கள் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நானும் சரி என்று கை தூக்கினேன்.

"எங்கப்பன் கண்ணி வெச்சி சாவடிச்சான். நான் கண்ணி இல்லாமயே சாவடிச்சிட்டேன்" என்றார் அண்ணன். "அந்த லாரிக்கு கேட்டும் நாந்தான தெறந்தேன்."

பழைய வாத்துகளை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். "எடம் பழகிப்போச்சு. வரும். பயங்காட்டணும்" என்றார். மறுபடி செதுக்கினார். இந்த முறை எல்லாம் கழுத்தை நீட்டித் தலை தூக்கியவை. பழையதை எடுத்துப் புதியதை விட மார்பளவுத் தண்ணீரில் இறங்கியபோது கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்தது. சர்க்கரை வேறு. முதலில் பாதம் போனது, பிறகு முழங்கால்வரை எடுத்தார்கள்.

மருத்துவமனையில் என்னிடம் கடைசியாகச் சொன்னது: "பதினொண்ணு வுட்டுட்டேன். ஒண்ணு ரூம்ல கீது. நீ வுட்று."

இன்று காலையும் அந்தக் கழிவுநீர் லாரி வந்தது. புதிய காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பன்னிரண்டாவது வாத்து. என் மேசைமேல் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்னும் நான் அதை ஏரியில் விடவில்லை. அந்தத் தண்ணீரில் கால் வைக்க எனக்குப் பயம். அது யார் வீட்டுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும்.