பானையின் அடியில் ஒரு பிடி

என் அடுப்புக்கு வலப்பக்கத்தில் ஒரு மண்பானை இருக்கிறது. கழுத்துக் குறுகியது, ஒரு பக்கம் கீறல் விட்டு, அரக்கு வைத்து அடைத்தது. பனையோலை மூடியின் மேல் பழைய வலைத்துண்டு ஒன்றைப் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஒல்லாந்தர் கோட்டையில் ஓலை எழுதுகிறவன் வீட்டில் இப்படியொரு பானையா என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. அது அக்காவின் பிடியரிசிப் பானை. உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி அந்தப் பானையில் போட்டுவிடுவாள். வாடைக் காற்று வீசி ஏரியில் படகு இறக்க முடியாத நாட்களில்தான் அதைத் திறப்பாள். அதுவரை யாரும் தொடக்கூடாது. பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற வீடுகளில் எல்லாம் உள்ள வழக்கம்தான் இது. அதைத் தொட்டவன் நான்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கட்டுமரத்தோடு கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. அவள் எங்களிடமே வந்து சேர்ந்தபோது அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. நைனாவுக்கும் எனக்கும் அன்றிலிருந்து அவள்தான் பொங்கிப் போட்டாள். அவள் அடுப்பில் ஒரு சுள்ளியும் சும்மா எரிந்ததில்லை. சோறு இறங்கியதும் அதே தணலில் குழம்பு, குழம்பு இறங்கியதும் வெந்நீர், கடைசியாகச் சாம்பல் சூட்டில் பனங்கிழங்கு. ஆறிய சாம்பல் பாத்திரம் தேய்க்க. மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. செதிலும் குடலும் பூசணிக் குழிக்கு. சட்டி உடைந்தால் வறுக்கிற ஓடாகும், வலை கிழிந்தால் உறியாகும். குடித்தது போக மிஞ்சிய கஞ்சியை நெசவுக்காரர் தெருவுக்கு எடுத்துப் போவாள். பாவுக்குப் பசையிட அவர்களுக்கு அது வேண்டும். பதிலுக்கு அவர்கள் தரும் அறுந்த நூலைத் திரித்து விளக்குத்திரி செய்வாள். எங்கள் வீட்டிலிருந்து எதுவும் தூக்கி எறியப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். கருவாட்டைக் காட்டூருக்குச் சுமந்துபோய் நெல்லாக மாற்றி, அந்த நெல்லை வாத்தியாருக்கு அளந்து, என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். கூடப் படித்தவர்கள் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள். "டேய், உங்க அக்கா மீன் கழுவுன தண்ணியகூட உடமாட்டாளாமே? எங்க ஊட்டு கழனித்தண்ணியும் கீது, எடுத்துக்கினு போறியா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

கோட்டையில் எனக்கு வேலை முடிவானது ஓர் ஆடி மாதத்தில். அடுத்த சித்திரையில் சேர வேண்டும். விருந்து வைக்கச் சொல்லி நண்பர்கள் ஆறு பேர் வந்து நின்றார்கள். நைனா ஏரியில், அக்கா கருவாட்டுக் கூடையோடு காட்டூரில். வீட்டில் அன்றைக்கு ஆளுக்கு ஒரு கவளத்துக்குத்தான் அரிசி இருந்தது. நான் பானையின் கட்டை அவிழ்த்தேன். இருந்ததையெல்லாம் உலையில் போட்டேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எங்களுக்கும் வாழத் தெரியும் என்று காட்டுவதற்காக, அவர்கள் பார்க்க, சுடச்சுட வடித்த கஞ்சியை வாசல் மணலில் கொட்டினேன். மிஞ்சிய சோற்றைக் காக்கைக்கு வீசினேன்.

அக்கா வந்தபோது மணலில் கஞ்சி வெள்ளைத் திட்டாகக் காய்ந்திருந்தது. கூடையை இறக்காமலே அதைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பானையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வயிறு ரொம்ப துன்னாங்களா?"

"துன்னாங்கக்கா."

"இன்னா சொன்னாங்க?"

"சோறு நல்லா கீதுன்னாங்க."

"அது போதும்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவள் போல, "கஞ்சியையாவது வெச்சிருக்கலாம்டா. அந்தத் தெருவுல எனுக்காக குந்திக்கினு இருப்பாங்க" என்றாள். அவ்வளவுதான். கொண்டுவந்த நெல்லைக் குத்தி, முதல் பிடியைப் பானையில் போட்டாள்.

அந்த ஆண்டு ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையும் காய்ந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டது. தண்ணீர் வற்றி, உப்பேறி, மீன்கள் வயிறு வெளுத்து ஒதுங்கின. கடலுக்குப் போக எங்களிடம் கட்டுமரம் இல்லை. காட்டூரில் கருவாட்டுக்கு நெல் தர யாரிடமும் நெல் இல்லை. ஆடிக்குப் பிறகு அக்கா சேர்த்த சில பிடிகள் மார்கழியிலேயே தீர்ந்துவிட்டன. தை பிறந்தபோது நைனாவின் கால்கள் வீங்கி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு தரகன் வந்தான். கப்பலேறி அக்கரைச் சீமைக்குப் போக ஆள் தேடினான். ஓர் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி. போகிறவர்கள் திரும்புவதில்லை என்று ஊருக்கே தெரியும். அவன் என்னைத்தான் கேட்டான். அக்கா என் கையைப் பிடித்து அவன் முன் விரித்துக் காட்டினாள். "பாரு, வலை இழுத்த கையா இது? எழுத்தாணி புடிச்ச கை. இவன இட்டுக்கினு போயி இன்னா பண்ணுவ? நான் ரெண்டாள் வேலை செய்வேன்" என்றாள். 'நான் போறேன்க்கா' என்று சொல்ல வாய் திறந்ததாகப் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, திறக்கவில்லை. நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தன் சம்மதத்தில் போவதாக ஓலை வேண்டும் என்றான் தரகன். அங்கே எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அக்காவின் பெயரை நான் எழுதிய முதல் தடவை அது. அவள் எட்டிப் பார்த்தாள். "என் பேரு இவ்ளோதானா? ரெண்டு விரல்கூட இல்ல. ஓலைய மிச்சம் புடிச்சிட்டான் பாரு என் தம்பி" என்று சிரித்தாள். நான் ஓலையைத் தரகனிடம் நீட்டினேன்.

மூட்டை வந்து இறங்கியதும் அவள் அதன் வாயைப் பிரித்தாள். ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டாள். "இது வாடைக்கு. தொட்டுடாத" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, "கோணியத் தூக்கிப் போட்டுடாத. நைனாவுக்குக் கீழ விரிக்க ஆவும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை.

கப்பல் போன பன்னிரண்டாம் நாள் காலம் தப்பி மழை கொட்டியது. வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு போக, கடல் உள்ளே வந்தது. இறால் படகு படகாக ஏறியது. ஊரே ஏரியில் நின்று கூச்சலிட்டது. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, ஆடி மாதத்துப் பானையை மனத்தால் அளந்துகொண்டிருந்தேன். கழுத்து வரை அரிசி. தண்ணீராகக் காய்ச்சினால் மூன்று பேர் எத்தனை நாள் உயிர் பிடித்திருக்கலாம்? பதினைந்து நாள். எத்தனை முறை போட்டாலும் பதினைந்துதான் வந்தது. நெல் அளந்து கொடுத்து அவள் கற்க வைத்த கணக்கில் எனக்குத் தவறு வராது. "ஒரு பானை அரிசி பஞ்சத்தத் தாண்டாதுடா" என்று நைனா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்குத் தெரியாது.

இப்போது எனக்கு அரிசிக்குக் குறைவில்லை. கோட்டை எழுத்துக்காரன் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நெசவுக்காரர் தெருவுக்குப் போவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்குத்தான் ஊற்றுகிறேன். கப்பல் வருகிற நாட்களில் துறையில் நின்று, இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்க்கிறேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி பானைக்குப் போகிறது. என் பிடி பெரியது, அவளுடையது சிறியது. அதனால் பானை சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. வாடையில் திறந்து சமைக்கிறேன், பிறகு மறுபடி போடுகிறேன். ஆனால் அடியில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அக்கா கடைசியாகப் போட்ட பிடியை அன்றைக்கே வழித்தெடுத்து, அவளுடைய பழம்புடவைக் கிழிசலில் கட்டி வைத்தேன். இத்தனை ஆண்டுகளில் அது புழு அரித்து மாவாகியிருக்கும். விரலால் அழுத்தினால் தெரிகிறது. எங்கள் வீட்டில் வீணாகிக் கிடப்பது அது ஒன்றுதான். அக்கா பார்த்தால் சும்மா விடமாட்டாள். 'துன்ற அரிசியப் புழுவுக்கா போட்டு வெச்சிருக்க?' என்று கேட்பாள்.

வந்து கேட்கட்டும்.